ஹிந்த் அல்-ஹுசைனி அம்மையார்: வாழ்வும் கல்விப் பணியும்

பறம்பு மலை வீழ்ந்த கதையைத் தமிழ் கற்றோர் அனைவரும் அறிவர். மூவேந்தரும் முற்றுகையிட்டனர், பாரி மாண்டான், அவன் மகளிர் இருவர் எஞ்சினர். அவர்களைத் தம் பொறுப்பில் ஏற்றவர் கபிலர். புலமையைத் தவிர வேறு செல்வம் இல்லாத அவர், அம்மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம் வேண்டினார். அவர்கள் மறுத்தனர் என்பது புறநானூற்றின் துறைக்குறிப்புகள் தரும் செய்தி. போருக்குப் பின் ஆதரவற்ற பெண் மக்களுக்கு அக்காலம் வைத்திருந்த ஒரே வழி மணம்தான். எனினும் அம்மகளிர் இன்றும் நினைக்கப்படுவது யாரேனும் ஒருவனுக்கு மனைவியரானமையால் அன்று. தம் இழப்பைத் தாமே பாடத் தெரிந்திருந்தமையால். தந்தை கொடுத்த கல்வி, தந்தையும் மலையும் போன பின்னும் அவர்களிடம் இருந்தது.

இந்தப் பழங்கதையின் மறுபக்கத்தை 20-ஆம் நூற்றாண்டில் ஜெருசலேம் நகரில் காணலாம். அங்கும் ஊர் வீழ்ந்தது. அங்கும் குழந்தைகள் எஞ்சினர். அங்கும் கையில் பெரும்பொருள் இல்லாத ஒருவர் அவர்களை ஏற்றுக்கொண்டார். அவர் அக்குழந்தைகளுக்காகத் தேடியது புரவலரின் அரண்மனையை அன்று, பள்ளிக்கூடத்தை. அவர் பெயர் ஹிந்த் அல்-ஹுசைனி.

பிறப்பும் குடியும்

ஹிந்த் அம்மையார் 1916-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் ஜெருசலேமில் பிறந்தார். அவர் பிறந்த ஹுசைனி குடும்பம் அந்நகரின் மிகப் பழைய முஸ்லிம் குடும்பங்களுள் ஒன்று. நகர மேயர்களும் சமயத் தலைவர்களும் அக்குடும்பத்திலிருந்து தோன்றினர். ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் மேயர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட மூசா காசிம் அல்-ஹுசைனியும், முஃப்தியாக விளங்கிய ஹாஜ் அமீன் அல்-ஹுசைனியும் அக்குடும்பத்தினரே.

குடிப்பெருமை இருந்ததேயன்றிக் குழந்தைப் பருவம் குறைவற்றதாக இல்லை. ஹிந்த் 2 வயதுக் குழந்தையாக இருந்தபோதே தந்தை மறைந்தார். தாயின் பராமரிப்பில், சகோதரர்களோடு அவர் வளர்ந்தார். தந்தையற்ற வீட்டின் நிலையை அறிந்தவராகவே அவர் பின்னாளில் தந்தையற்றவர்களுக்கு வீடு அமைத்தார் என்பது அவர் வாழ்வை நோக்குவோர் எண்ணத்தக்கது.

அவர் பிறந்தபோது ஜெருசலேம் உதுமானியப் பேரரசின் நகரமாக இருந்தது. 1917 டிசம்பரில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முந்தைய மாதமே, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கான தேசிய இல்லம் அமைவதை ஆதரிப்பதாக ஆங்கில அரசு பால்ஃபர் அறிக்கை வாயிலாகத் தெரிவித்திருந்தது. ஆகவே ஹிந்தின் இளமையும், அந்நாட்டின் இரு மக்களிடையே முரண்பாடு முற்றிய காலமும் ஒன்றே. 1929-ஆம் ஆண்டுக் கலவரம், 1936 முதல் 1939 வரை நீடித்த அரபுக் கிளர்ச்சி ஆகியவற்றின் நடுவே அவர் மாணவியாகவும் இளம்பெண்ணாகவும் வளர்ந்தார்.

கல்வியும் பொதுப்பணியும்

அக்காலப் பாலஸ்தீனத்தில் பெண் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதற்கு 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சான்று. முஸ்லிம் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிந்திருந்தனர்; பெண்களில் அது நூற்றுக்கு மூவர் அளவே. நகரங்களில் உயர்குடிப் பெண்கள் பள்ளி சென்றனர். சிற்றூர்களில் பெண்களுக்கான பள்ளிகளே அரிதாக இருந்தன. நகரத்துப் பெரிய குடும்பத்தில் பிறந்ததால் ஹிந்த் கல்வி பெற்றார். அது எல்லார்க்கும் உரியதன்று, தமக்குப் பிறப்பால் வாய்த்தது என்னும் உணர்வு அவர் பணிகள் அனைத்திலும் ஊடாடுவதைக் காணலாம்.

பாலஸ்தீனப் பெண்களின் பொதுவாழ்வும் அப்போதுதான் அரும்பிற்று. 1929 அக்டோபர் 26-ஆம் நாள் ஜெருசலேமில் கூடிய அரபுப் பெண்கள் மாநாட்டில் 200-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். அப்போது ஹிந்த் 13 வயதுச் சிறுமி. அடுத்த பத்தாண்டில் அவர் மாணவர் சங்கங்களில் ஈடுபட்டார். ஆசிரியப் பணியும் ஆற்றினார். 1940-களில் பெண்கள் ஒருமைப்பாட்டுச் சங்கத்தில் சேர்ந்து சமூகத் தொண்டில் இறங்கினார். ஏழைகளையும் கல்லாதவர்களையும் நேரில் கண்டு பழகிய இந்த ஆண்டுகள், பின்னர் வரவிருந்த பெருஞ்சுமைக்கு அவரை ஆயத்தப்படுத்தின.

1948 ஏப்ரல்

1947 நவம்பர் 29-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் திட்டத்தை ஏற்றது. மறுநாளே மோதல்கள் தொடங்கின. 1948 ஏப்ரலில் ஜெருசலேமைச் சூழ்ந்த சாலைகளுக்கான போர் கடுமையாயிற்று. ஏப்ரல் 8-ஆம் நாள், ஜெருசலேம் பகுதி அரபுப் படைகளின் தலைவரும் ஹிந்தின் உறவினருமான அப்துல் காதிர் அல்-ஹுசைனி, கஸ்தல் என்னும் குன்றூரில் வீழ்ந்தார். மறுநாள் அவர் உடல் அடக்கத்திற்காக நகரமே திரண்டிருந்தது.

அதே 9-ஆம் நாள் விடியற்காலையில், நகருக்கு மேற்கே அமைந்த தெய்ர் யாசின் என்னும் சிற்றூர் தாக்கப்பட்டது. கல்லுடைக்கும் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. அண்டையிலிருந்த யூதக் குடியிருப்போடு ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்று உடன்பாடும் செய்துகொண்டிருந்தது. அவ்வுடன்பாடு அதனைக் காக்கவில்லை. இர்குன், லெஹி என்னும் ஆயுதக் குழுக்கள் ஊருக்குள் புகுந்தன. ஆடவர், பெண்டிர், முதியோர், குழந்தைகள் என 100-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 254 பேர் என்று அந்நாளில் பரவிய எண்ணிக்கை மிகை என்பதும், 107 அளவே உண்மைக்கு அண்மையது என்பதும் பிற்கால ஆய்வாளர் முடிவு. எண் குறைந்ததனால் துயரம் குறையவில்லை.

அவ்வூரைப் பற்றிய ஒரு செய்தி கல்வி வரலாற்றில் கருதத்தக்கது. தெய்ர் யாசினில் ஆண் குழந்தைகளுக்கு 1943-இலும் பெண் குழந்தைகளுக்கு 1946-இலும் பள்ளிகள் ஏற்பட்டன. பெண்கள் பள்ளிக்கு அப்போது 2 வயதே ஆகியிருந்தது. அங்குப் பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவரும் மாண்டோருள் ஒருவர். தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாதிருந்த பெண்களின் மகளிர் முதன்முதலாகப் பலகையைக் கையில் எடுத்த ஊரில், அப்பள்ளி ஆசிரியையோடு சேர்ந்தே அழிந்தது.

நான்கு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 13 அன்று, ஸ்கோபஸ் குன்றிலிருந்த ஹதாசா மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த வண்டி வரிசை ஒன்று தாக்கப்பட்டு, யூத மருத்துவர்களும் செவிலியரும் பிறருமாக 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது நிகழ்ந்த இடம் ஷேக் ஜர்ராஹ்; ஹுசைனி குடும்பத்தின் மாளிகை நின்ற அதே பகுதி. ஜர்ராஹ் என்னும் அரபுச் சொல்லுக்கு அறுவை மருத்துவர் என்பது பொருள். சலாகுத்தீனின் மருத்துவராக விளங்கிய பெரியாரின் பெயரால் அமைந்த இடத்தில் மருத்துவர்கள் கொல்லப்பட்டனர். இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே எண்ணினாலன்றி, அந்த ஏப்ரல் மாதத்தில் அந்நகரில் ஒரு குழந்தையின் உயிருக்கு இருந்த விலை இன்னதென்று விளங்காது.

ஐம்பத்தைந்து குழந்தைகள்

தெய்ர் யாசினில் எஞ்சியவர்கள் நகருக்குள் கொண்டுவந்து விடப்பட்டனர். அவர்களுள் பெற்றோரை இழந்த குழந்தைகளும் இருந்தனர். பழைய நகரில், திருக்கல்லறைத் தேவாலயத்தின் அருகே, செல்லுமிடம் அறியாது கூடிநின்ற 55 குழந்தைகளை அவ்வழியே சென்ற ஹிந்த் கண்டார். அவருக்கு அப்போது 32 வயது நிறையவில்லை. மணமாகாதவர். அந்நாளில் அவர் கையிலிருந்தது 138 பாலஸ்தீன பவுண்டு மட்டுமே என்று அவர் வரலாறு கூறும்.

அந்தத் தொகையைக் கொண்டு 55 உயிர்களை எத்தனை நாள் காக்க முடியும் என்று கணக்கிட்டிருந்தால், அவர் அங்கிருந்து நகர்ந்திருக்கக் கூடும். இக்குழந்தைகள் அழிந்தால் இம்மக்களின் பெயரும் அழியும் என்றும், வாழ்ந்தால் இவர்களோடு வாழ்வது, இல்லையேல் இவர்களோடு மடிவது என்றும் அவர் உறுதி பூண்டதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

சமூகத் தொண்டுச் சங்கம் ஒன்று பழைய நகரில் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு அறைகளில் குழந்தைகள் தங்கவைக்கப்பட்டனர். அதன்பின் நாள்தோறும் உணவு கொண்டு செல்வது ஹிந்தின் பணியாயிற்று. துப்பாக்கிச் சூட்டுக்கு இடையே அவர் போய்வருவதைக் கண்ட சீயோன் கன்னியர் மடத்தின் தலைவி, அவருக்கும் குழந்தைகளுக்கும் நேரவிருக்கும் தீங்கை அஞ்சி, குழந்தைகளை மடத்துக்குள் கொண்டுவருமாறு வற்புறுத்தினார். ஹிந்த் இசைந்தார். குழந்தைகள் மடம் புகுந்த சில நாட்களுக்குள் அவ்விரண்டு அறைகளும் குண்டுவீச்சுக்கு இரையாயின. முஸ்லிம் குழந்தைகளின் உயிரைக் கிறித்தவத் துறவியரின் சுவர்கள் காத்தன. அந்நகரின் வரலாற்றில் சமயங்கள் மோதிய கதைகள் பல உண்டு. ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தார்க்குக் கதவைத் திறந்த இத்தகைய கதைகளும் அதன் வரலாறே.

பாட்டனார் மாளிகை

போர் ஓய்ந்தபோது ஜெருசலேம் இரண்டாகப் பிளவுண்டிருந்தது. மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், பழைய நகரை உள்ளிட்ட கிழக்குப் பகுதி ஜோர்தானிடமும் இருந்தன. ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தனர். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாயின. தெய்ர் யாசினுக்குத் திரும்பும் வழி அதன் குழந்தைகளுக்கு இல்லை. ஆகவே அக்குழந்தைகளுக்குத் தற்காலிகத் தங்கலிடம் போதாது, நிலையான வீடு வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஷேக் ஜர்ராஹ் பகுதியில் ஹிந்தின் பாட்டனார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மாளிகை இருந்தது. உயர்ந்த கூடங்களும் தோட்டமும் கொண்ட அந்த வீட்டை ஹிந்த் குழந்தைகளுக்கு உரியதாக்கினார். ஹுசைனி இல்லம் என்னும் பொருள்பட வழங்கிய தார் அல்-ஹுசைனி என்ற பெயரை நீக்கி, தார் அல்-திஃப்ல் அல்-அரபி என்று பெயரிட்டார். அரபுக் குழந்தையின் இல்லம் என்பது அதன் பொருள். குடும்பப் பெயரை எடுத்துவிட்டுக் குழந்தையின் பெயரை வைத்த அந்தச் செயலில் அவர் வாழ்வின் திசை முழுதும் அடங்கியுள்ளது. அறக்கொடையாளர் பலரும் தம் பெயரைக் கல்லில் பொறிப்பர். இவரோ ஏற்கெனவே இருந்த பெயரை அழித்தார்.

உணவும் எழுத்தும்

அனாதை இல்லம் ஒன்றை நடத்துவோர்க்கு அன்றாடக் கவலை அரிசியும் துணியும் மருந்துமே. பல இல்லங்கள் அந்த எல்லையிலேயே நின்றுவிடும். ஹிந்த் அதனைத் தாண்டிச் சென்றமையே அவர் சிறப்பு. இல்லத்தோடு பள்ளியையும் தொடங்கினார். மழலையர் வகுப்பில் தொடங்கிய கல்வி படிப்படியாக மேல்நிலை வகுப்புவரை வளர்ந்தது. பிற ஊர்களிலிருந்தும் குழந்தைகள் வந்து சேர்ந்தனர். 55 பேருக்காகத் திறந்த கதவு அதன்பின் மூடப்படவே இல்லை.

இதற்கான பொருள் எங்கிருந்து வந்தது? பரம்பரைச் செல்வம் மட்டும் இத்தகைய நிறுவனத்தைப் பல்லாண்டு தாங்காது. அவர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் நன்கொடை திரட்டினார். கொடுப்போரிடம் கேட்பது எளிய செயலன்று. அதிலும் கொடுத்துப் பழகிய குடியில் பிறந்தவர் கேட்பது மிகவும் அரிது. புறநானூற்றுப் புலவர்கள் பரிசில் வேண்டி நடந்த வழிகளின் அருமையை அறிந்தவர்கள் இதனை உணர்வர். தமக்கென்று கேட்க நாணுபவர் பிறர்க்கென்று கேட்கும்போது நாணம் கொள்வதில்லை. ஹிந்தின் வாழ்வில் ஏறத்தாழ 46 ஆண்டுகள் இவ்வாறு கேட்டுப் பெற்றுக் குழந்தைகளுக்கு ஆக்குவதிலேயே கழிந்தன. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. குழந்தைகள் அவரை மாமா ஹிந்த் என்று அழைத்தனர். மாமா என்பது அரபு வழக்கில் அம்மா என்பதற்கு ஈடான செல்லச் சொல்.

அகதிகளின் கல்வியை அக்காலத்தில் பெருமளவில் ஏற்றது 1950-இல் பணி தொடங்கிய ஐக்கிய நாடுகள் அகதிகள் நிவாரண அமைப்பு. முகாம்களில் அது பள்ளிகள் நடத்தியது. 1962-இல் ரமல்லாவில் பெண்களுக்கான பயிற்சி நிலையத்தையும் தொடங்கியது. அப்பெருநிறுவனத்தின் பணிக்கு முன் ஒரு தனி இல்லத்தின் அளவு சிறியதே. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. முகாம் பள்ளியில் படித்த சிறுமிக்கு மாலையில் திரும்பிச் செல்லப் பெற்றோரேனும் உறவினரேனும் இருந்தனர். ஹிந்தின் சிறுமிக்குப் பள்ளியும் வீடும் ஒன்றே. அவள் வகுப்பில் தவறினால் கண்டிக்கவும், காய்ச்சலில் கிடந்தால் விழித்திருக்கவும், தேர்வில் வென்றால் மகிழவும் அந்த ஒரே இடம்தான் இருந்தது.

1967-க்குப் பின்

1967 ஜூன் போரில் கிழக்கு ஜெருசலேமும் இஸ்ரேல் வசமாயிற்று. மேற்குக் கரையும் காசாவும் ஆக்கிரமிப்புக்கு உள்ளாயின. போர் மீண்டும் குழந்தைகளை ஆதரவற்றோராக்கியது. இவ்வாண்டுக்குப் பின் இல்லம் பெண் குழந்தைகளுக்கு மட்டுமே உரியதாயிற்று.

இம்மாற்றத்தின் பொருத்தம் போர்க்காலச் சமூகங்களை அறிந்தோர்க்குப் புலப்படும். வழியில் அச்சம் சூழும்போது பள்ளியிலிருந்து முதலில் நிறுத்தப்படுபவள் மகளே. வீட்டில் பொருள் குறையும்போது மகனுக்குப் புத்தகம் வாங்கப்படும்; மகள் அடுப்படிக்குத் திருப்பப்படுவாள். தந்தை இறந்தாலோ சிறைப்பட்டாலோ, பாதுகாப்பு என்னும் பெயரால் அவளுக்குப் பருவம் நிரம்புமுன் மணம் பேசப்படும். ஆகவே பெண் குழந்தைக்கு உணவு தரும் இல்லம் அவள் உடலைக் காக்கிறது. பள்ளியோடு கூடிய இல்லம், தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் காலம் வரை அவளுக்கு அவகாசம் தருகிறது. ஹிந்த் அளித்த கொடைகளுள் தலையாயது இந்த அவகாசமே எனலாம்.

பாடத்திட்டம் பற்றிய போராட்டமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. கிழக்கு ஜெருசலேமின் அரசுப் பள்ளிகளில் இஸ்ரேலியப் பாடத்திட்டத்தைப் புகுத்த முயன்றபோது ஆசிரியரும் பெற்றோரும் எதிர்த்தனர். பல குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றின. அங்கு ஜோர்தானியப் பாடத்திட்டமும் அதன் இறுதித் தேர்வும் தொடர்ந்தன. தம் மொழியிலும் தம் வரலாற்றிலும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று விரும்பிய மக்களுக்கு இத்தகைய தனியார் பள்ளிகள் அரண்களாயின. தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய வரலாறுடைய தமிழர்க்கு இவ்வுணர்வை விளக்க வேண்டுவதில்லை.

கல்லூரி, நூலகம், அருங்காட்சியகம்

பள்ளி முடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன என்ற வினா எழுந்தது. வேறு நகரத்திற்குப் பெண்ணை அனுப்பப் பல குடும்பங்கள் தயங்கின. இல்லத்துப் பெண்களுக்கோ அனுப்பிவைக்கவே யாருமில்லை. 1982-இல் ஹிந்த் ஜெருசலேமிலேயே பெண்களுக்கான கலைக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அது பின்னர் அல்-குத்ஸ் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. ஹிந்த் அல்-ஹுசைனி கல்லூரி என்று அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மழலையர் வகுப்பு முதல் பட்டம் வரை ஒரு பெண் அந்நகரை விட்டு நீங்காமலே கற்கும் வழி இவ்வாறு நிறைவெய்தியது.

இலக்கிய ஆர்வலர் குறிப்பாக நினைவில் வைக்கத்தக்க செயல் ஒன்றும் உண்டு. ஷேக் ஜர்ராஹ் பகுதியில் இஸ்ஆஃப் அல்-நஷாஷீபி என்னும் அரபு மொழி அறிஞரின் மாளிகை இருந்தது. எழுத்தாளரும் கவிஞரும் கூடிய இலக்கிய இல்லமாக அது விளங்கிற்று. அவர் 1948-இன் தொடக்கத்தில் கெய்ரோவில் மறைந்தார். அம்மாளிகையை 1980-களில் ஹிந்த் விலைக்கு வாங்கி, நூலகமும் ஆய்வு நிலையமுமாக ஆக்கினார். ஆங்கில ஆட்சிக் காலத்தில் ஹுசைனி குடும்பமும் நஷாஷீபி குடும்பமும் கடும் அரசியல் போட்டியாளர்கள் என்பதை அறிந்தோர்க்கே இச்செயலின் உயரம் விளங்கும். இரு குடும்பங்களின் பகை பாலஸ்தீன அரசியலையே இரு கூறாக்கியிருந்தது. அத்தகைய பகைக் குடியினரின் இல்லத்தை ஒரு ஹுசைனி மகள் நூல்களுக்கு உறைவிடமாக்கிக் காத்தார். அரசியல் பிரித்ததைக் கல்வியின்பால் கொண்ட பற்று சேர்த்துவைத்தது.

தார் அல்-திஃப்ல் வளாகத்திலேயே பாலஸ்தீன மரபுப் பொருட்களுக்கான அருங்காட்சியகமும் அமைந்தது. பாலஸ்தீனச் சிற்றூர்ப் பெண்கள் தம் நீண்ட அங்கிகளில் சிலுவைத் தையலால் பூவேலை செய்வர். ஊருக்கு ஊர் அதன் வண்ணமும் வடிவமும் வேறுபடும். உடையைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம் என்பர். ஊர்களே இல்லாமற்போன பின் அந்தத் துணிகள்தாம் ஊர்களின் பெயரைச் சொல்லின. எழுத்தறியாத பாட்டிமார் ஊசியால் எழுதிவைத்த அந்த ஏடுகளையும், எழுத்தறிந்த பேத்திமாரின் புத்தகங்களையும் ஒரே வளாகத்தில் ஹிந்த் காத்தார்.

எழுச்சிக் காலத்து நெருக்கடி

1987 டிசம்பரில் ஆக்கிரமிப்புக்கு எதிரான மக்கள் எழுச்சி தொடங்கியது. மேற்குக் கரையில் பள்ளிகளும் கல்லூரிகளும் இராணுவ ஆணையால் நெடுங்காலம் மூடப்பட்டன. இளையோர் தெருவில் இறங்கினர். அந்நிலையில் பள்ளி நடத்துவோர் முன் ஒரு கடும் வினா நின்றது. மாணவியரைப் போராட்டத்திற்கு விடுவதா, வகுப்பறையில் நிறுத்துவதா?

ஹிந்த் வகுப்பறையின் பக்கமே நின்றார். அவ்வில்லத்தில் வளர்ந்து பத்திரிகையாளரான ரூலா ஜெப்ரியல் எழுதிய நாவலும், அதனைத் தழுவி 2010-இல் வெளிவந்த மிரால் என்னும் திரைப்படமும் இந்த முரணையே தம் நடுப்பொருளாகக் கொண்டன. பெண்கள் ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொள்வதைத் தடுக்கும் தாயாகவும், அதனை ஏற்க மறுக்கும் மகளிரை இழக்க அஞ்சும் தாயாகவும் ஹிந்த் அங்குக் காட்டப்படுகிறார். நாட்டின் துயரத்தில் பங்குகொள்ளாமல் பாடம் படிப்பது கோழைத்தனம் என்று இளையோர்க்குத் தோன்றியது. ஒரு நாள் ஆர்ப்பாட்டத்திற்காகப் பள்ளிக் கதவு நிரந்தரமாக மூடப்பட்டால் இழப்பு யாருக்கு என்பது முதியவரின் கவலை. இரண்டும் மெய்யே. தெய்ர் யாசின் பள்ளியின் முடிவைத் தம் காலத்திலேயே கண்டவர், மற்றொரு பள்ளி மூடப்படுவதைத் தாங்க மாட்டார் என்பதை உணர்ந்தால், அவர் கண்டிப்பின் பின்னிருந்த அச்சம் புலப்படும். அவர் முடிவை ஒப்பாதவரும் அந்த அச்சத்தை மறுக்க இயலாது.

இறுதிக் காலம்

அம்மையாரின் கல்விப் பணியைப் பாராட்டி ஜோர்தான் அரசு 1983-இலும் 1985-இலும் விருதுகள் அளித்தது. 1989-இல் ஜெர்மனியின் உயர் விருதும் அவருக்குக் கிடைத்தது. இவ்விருதுகளினும் மேலான சான்று இல்லத்தின் வளர்ச்சியே. 1990-களின் நடுவில் ஏறத்தாழ 300 ஆதரவற்ற பெண்கள் அங்குத் தங்கிக் கற்றனர். வெளியிலிருந்து வந்து படித்த மாணவியர் அதனினும் பலர்.

1993 செப்டம்பர் 13-ஆம் நாள், இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்திற்கும் இடையே ஆஸ்லோ உடன்பாடு வாஷிங்டனில் கையெழுத்தாயிற்று. சரியாக ஓராண்டு கழிந்து, 1994 செப்டம்பர் 13-ஆம் நாள், ஹிந்த் அம்மையார் தம் 78-ஆம் வயதில் ஜெருசலேமில் இயற்கை எய்தினார். அமைதி வந்துவிட்டது என்று பலரும் நம்பிய ஆண்டில் அவர் கண்மூடினார். அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. உடன்பாடுகள் தளர்ந்தன, போர்கள் மீண்டும் மூண்டன. அவர் தொடங்கிய பள்ளியோ தொடர்ந்தது.

நிறைவுரை

பாலஸ்தீனத்தைத் தமிழ்க் கவிதை வாசகர் முதலில் கவிஞர்கள் வாயிலாகவே அறிந்தனர். எம்.ஏ. நுஃமான் 1981-இல் மொழிபெயர்த்து அளித்த பலஸ்தீனக் கவிதைகள் அதற்குப் பெருவழி அமைத்தது. அம்மண்ணின் பெருங்கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் 1941-இல் பிறந்தவர். 1948-இல் தம் ஊரான அல்-பிர்வாவை இழந்தபோது அவர் சிறுவர். தெய்ர் யாசின் குழந்தைகளும் அவரும் ஒரே தலைமுறையினர். ஊரிழந்த ஒரு சிறுவன் கவிஞனாக வளர்ந்ததற்கு அவனுக்கு எழுத்துக் கற்பித்த யாரோ காரணம். கவிதையைப் போற்றும் அவைகள் கவிஞனை நினைக்கும். அவனுக்கு அரிச்சுவடி தந்தவரை நினைப்பது அரிது.

ஹிந்த் அம்மையார் கவிதை எழுதியதாகச் செய்தி இல்லை. போரை நிறுத்த அவரால் இயலவில்லை. தெய்ர் யாசினை மீட்கவும் இயலவில்லை. அவ்வூரின் எஞ்சிய கட்டடங்கள் 1951 முதல் மனநல மருத்துவமனை ஒன்றின் பகுதியாயின. அவர் செய்தது ஒன்றே. அவ்வூரின் குழந்தைகள் தம் ஊர்ப் பெயரைத் தம் கையால் எழுதக் கற்பித்தார். அவர்களுக்குப் பின் வந்த பல்லாயிரம் சிறுமியர்க்கும் அதனையே செய்தார். பாட்டனார் வீட்டின் பெயர்ப்பலகையிலிருந்து தம் குடும்பப் பெயரை அவர் நீக்கினார். அவர் மறைந்த பின்னும் அந்த வாயிலில் காலைதோறும் புத்தகப் பையோடு சிறுமியர் நுழைகின்றனர்.